பிழைதிருத்தம்

மிஸ்டர் கெல்சாலின் கையெழுத்தை
லீட்ஸ் நகரத்தில் என்னைத் தவிர
ஒருவராலும் வாசிக்க முடியாது.
இடது கையால் எழுதுவார்.
வலது கையின் ஆள்காட்டி விரல்
பிணக்கூடத்தில் போயிற்று:
ஒரு கீறல், ஒரு வாரக் காய்ச்சல்,
பிறகு அவரே தன் மாணவனிடம்
"மூட்டுக்கு மேலே வெட்டு, தயங்காதே" என்றாராம்.

நான் டார்கஸ். அச்சுக்கோப்பவள்.
ஆண் கூலியில் பாதி.
எழுத்தைத் தலைகீழாகப் படித்துப் பழகிய கண் எனக்கு.
அவரையும் அப்படித்தான் படித்தேன்,
கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி.

விரல் இருந்த காலத்தில்
தொடையெலும்பை இரண்டு நிமிடத்துக்குள் அறுப்பார்.
மாணவர்கள் கடிகாரம் பிடித்துப்
பந்தயம் கட்டுவார்கள்.
கறுப்புக் கோட்டில் பழைய ரத்தம்
பிசினாய் இறுகி நிற்கும்.
அதைத் துவைப்பது கௌரவக் குறைவு.

அந்த மேசையில் என் ஆமோஸும் கிடந்தான்.
ஆளிநார் ஆலையின் பட்டை இழுத்த கால்.
ஈதர் வராத காலம்; நாலு பேர் அமுக்கிப் பிடித்தார்கள்.
ஒரு நிமிடம், ஐம்பது நொடி.
"சுத்தமான வேலை" என்றார்கள்.
ஒன்பதாம் நாள் செத்தான்.
வேலையில் ஒரு குறையும் இல்லை.

விரலை இழந்தவர்
தன் வார்டிலேயே பதினேழு இரவு கிடந்தார்.
அதுவரை அவர் இரவில் அங்கே வந்ததில்லை.
காலியாகும் கட்டில்களை
மிச்சமிருந்த ஒன்பது விரல்களால் எண்ணினார்.
போதவில்லை.

அப்புறம்தான் இந்த வாரத்தாள்.
எட்டுப் பக்கம், நாலு பென்னி,
எய்ர் ஆற்றின் சாயநாற்றம் அடிக்கும் இந்த அச்சகம்.
சர்வரோக மாத்திரையில்
சுண்ணாம்பும் சோப்பும்தான் என்று எழுதினார்:
வழக்கு வந்தது,
ரம்பமும் கத்தியும் பெட்டியோடு விலைபோயின.
ஆஸ்பத்திரிக் கிணறு
எந்தக் கல்லறைக்குக் கீழே ஊறுகிறது என்று எழுதினார்:
ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்
அவர் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.

ஒரு நவம்பர் மாலை ஓர் அட்டவணை கொண்டுவந்தார்.
அறுத்தவர், அறுக்கப்பட்டவர், இறந்தவர்.
மற்றவர்களுக்கு முதலெழுத்து மட்டும்.
முதல் வரிசையில் முழுப்பெயர்:
ஆம்ப்ரோஸ் கெல்சால். அறுபத்தொன்று. முப்பத்தெட்டு.

மூன்றைக் கோத்தேன். எட்டைக் கோத்தேன்.
கை நின்றது.
"ஐயா, இந்த முப்பத்தெட்டில்
ஆமோஸ் பீக்கப் இருக்கிறானா?"

குறிப்பேட்டைப் புரட்டினார்.
வெகுநேரம் புரட்டினார்.
மெழுகுவர்த்தியை நான் ஒருமுறை மாற்றினேன்.
"இல்லை" என்றார்.
"ஏழு நாளுக்குப் பிறகு செத்தவர்களைக்
காய்ச்சல் கணக்கில் எழுதுவோம்.
அறுவைக் கணக்கில் வராது."
சொன்னபிறகுதான்
தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

தொப்பியை விட்டுவிட்டுப் போனார்.
விடியலில் வந்தார், மழையில் நனைந்த தலையோடு.
"நாற்பத்தொன்பது."

இடுக்கியால் மூன்றையும் எட்டையும் எடுத்தேன்.
நான்கையும் ஒன்பதையும் வைத்தேன்.
அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.
என்னிடமும் கொடுக்க ஒன்றுமில்லை.
கோத்தபின் ஆசிரியர் செய்யும் திருத்தத்துக்கு
மணிக்கு ஆறு பென்னி; பற்றில் எழுதினேன்.
எண்ணி வைத்தார்.

எடுத்த மூன்றும் எட்டும்
பெட்டிக்குத் திரும்பின.
மறுநாள் பிராட்ஃபோர்டு ரயில் அட்டவணையில்
காலை எட்டு முப்பதாக நின்றன.

அந்தத் தாள் வெளிவந்த வாரம்
பதினோரு கல் ஜன்னலில் விழுந்தது.
ஒரு கடிதம்கூட வந்தது, பெயரில்லாமல்,
நடுங்கும் கையில்:
"என் மகன் எந்த எண்ணில்?"
அதற்கு அவர் எழுதிய பதிலை
அச்சுக்குக் கொடுக்கவில்லை.

போன மாதம் செத்தார்.
இரங்கல் குறிப்பு ஆஸ்பத்திரிக் குழுவிலிருந்து வந்தது.
'வடநாட்டின் மிக வேகமான கை.'
மூலத்தில் கைவைக்க
அச்சுக்கோப்பவளுக்கு உரிமையில்லை.
ஒரு பிழையும் இல்லாமல் கோத்தேன்.
முத்து முத்தான கையெழுத்து.
யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்.